கட்டச் சிக்கல் (படிகவியல்)

கட்டச் சிக்கல் என்பது, எக்ஸ்-கதிர்ப் படிகவியலில், படிகத்திலிருந்து சிதறி வரும் அலைகளின் செறிவை மட்டுமே அளக்க முடிவதாலும், அவற்றின் கட்டத்தை அளக்க முடியாமற் போவதாலும் எழும் இடர்ப்பாடு ஆகும். மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்க இவ்விரண்டுமே தேவை. புரதங்கள், அணுக்கரு அமிலங்கள் போன்ற பெரிய மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பை ஆராயும் கட்டமைப்பு உயிரியலின் வரலாறு, பெருமளவுக்கு இச்சிக்கலோடு போராடியோரின் வரலாறே எனலாம். சிலருக்கு இப்போராட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

சிக்கலின் தன்மை

ஒளி நுண்ணோக்கியில், பொருளிலிருந்து சிதறும் ஒளியை வில்லை ஒன்று திரட்டி மீண்டும் படிமமாக்குகிறது. அணுக்களைப் பிரித்துக் காண வேண்டுமெனில் அணுக்களின் இடைவெளிக்கு ஒப்பான, அதாவது ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கதிர் தேவை. எக்ஸ்-கதிர்கள் அத்தகையவை. ஆனால் அவை எந்தப் பொருளினுள்ளும் மிகச் சிறிதளவே விலகுவதால், அணுக்களைக் காட்டக்கூடிய எக்ஸ்-கதிர் வில்லையைச் செய்ய இயலவில்லை. ஆகவே வில்லையின் வேலையைக் கணக்கீட்டால் செய்ய வேண்டியுள்ளது. அக்கணக்கீடே ஃபூரியே மாற்றம் ஆகும்.

படிகத்தின் மீது எக்ஸ்-கதிர் பாயும்போது, விளிம்பு விளைவினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் உணரியில் பதிகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. அதற்கு வீச்சு உண்டு; அதன் முகடு எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் கட்டமும் உண்டு. புள்ளியின் செறிவிலிருந்து வீச்சைப் பெறலாம். கட்டமோ பதிவாவதில்லை. 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள எக்ஸ்-கதிர் ஒரு நொடியில் ஏறத்தாழ 30 ஆயிரம் கோடி கோடி தடவைகள் அலைகிறது. எந்த உணரியாலும் அவ்வளவு விரைவாகப் பின்தொடர இயலாது. வந்து சேர்ந்த ஆற்றலின் அளவை மட்டுமே அது காட்டும்.

இழந்தது பாதிதானே, மீதியைக் கொண்டு ஒப்பேற்றலாமே என்று தோன்றலாம். உண்மையில் இழந்தது பெரும்பாதி. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கௌட்டன் இதனை விளக்க ஒரு பூனைப் படத்தையும் ஒரு வாத்துப் படத்தையும் பயன்படுத்தினார். பூனையின் வீச்சுகளையும் வாத்தின் கட்டங்களையும் சேர்த்துக் கணித்தால் தெரிவது பூனையன்று, வாத்து. படத்தின் உருவத்தைப் பெரிதும் தாங்கி நிற்பவை கட்டங்களே. படிகவியலாளரின் கையில் கிடைப்பதோ வீச்சுகள் மட்டும்.

பாட்டர்சன் வரைபடம்

1912-இல் மாக்ஸ் ஃபான் லாவேயின் கண்டுபிடிப்புக்குப் பின், 1913-இல் பிராக் தந்தையும் மகனும் உப்பு, வைரம் போன்ற எளிய படிகங்களின் அமைப்பைக் கண்டனர். அவற்றில் அணுக்கள் சிலவே, சீர்மையோ மிகுதி. அமைப்பை ஊகித்து, அதிலிருந்து செறிவுகளைக் கணித்து, அளவீட்டோடு ஒப்பிட்டால் போதுமானதாக இருந்தது. அணுக்கள் கூடக்கூட ஊகம் பயன்படாமற் போயிற்று.

1934-இல் ஆர்தர் லிண்டோ பாட்டர்சன் கட்டமே இல்லாமல், செறிவுகளை மட்டும் கொண்டு ஃபூரியே கணக்கீடு செய்தால் என்ன கிடைக்கும் எனக் காட்டினார். கிடைப்பது அணுக்களின் இடங்கள் அல்ல. ஓரணுவிலிருந்து மற்றோரணுவுக்குச் செல்லும் திசையன்கள். ஓர் ஊரிலுள்ள வீடுகளின் முகவரிகள் தெரியாமல், எந்த இரு வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் திசையும் மட்டும் குறித்த பட்டியல் போன்றது இது. 4 அணுக்கள் இருந்தால் 12 திசையன்கள். தாளில் வைத்துத் தீர்த்துவிடலாம். 1000 அணுக்கள் இருந்தால் 9,99,000 திசையன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். ஆயினும் இவ்வரைபடம் வீண்போகவில்லை. பின்னர் வந்த முறைகள் பலவற்றுக்கும் இதுவே முதற்படியானது.

பெருட்ஸும் பாதரசமும்

மாக்ஸ் பெருட்ஸ் வியன்னாவில் பிறந்தவர், வேதியியல் பயின்றவர். 1936-இல் கேம்பிரிட்ஜ் சென்று ஜெ. டி. பெர்னாலிடம் ஆய்வு மாணவரானார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் பெர்னாலும் டோரத்தி குரோஃபுட்டும் (பின்னாளில் டோரத்தி ஹாட்ஜ்கின்) பெப்சின் படிகத்தை உலரவிடாமல் அதன் தாய்நீரிலேயே வைத்துப் படமெடுத்து, புரதங்களும் ஒழுங்கான புள்ளிகளைத் தரும் எனக் காட்டியிருந்தனர். பெருட்ஸ் 1937-இல் ஈமோகுளோபினை எடுத்துக்கொண்டார். அந்நாளில் தீர்க்கப்பட்டிருந்த எந்த மூலக்கூறையும்விட அது பன்மடங்கு பெரியது. அதனைத் தீர்க்க வழியேதும் அவரிடம் இருக்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

இடையில் போர் வந்தது. 1940-இல் அவர் எதிரிநாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பினார். போருக்குப் பின் பாட்டர்சன் வரைபடங்களைக் கொண்டு ஈமோகுளோபினுக்கு ஒரு வடிவத்தை முன்மொழிந்தார். அவருடைய குழுவில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த பிரான்சிஸ் கிரிக், 1951-இல் ஆய்வகக் கருத்தரங்கில், அவ்வடிவம் தவறானது என்றும், கையாளப்பட்டுவந்த வழிகள் எவையும் விடை தரா என்றும் வாதிட்டார். ஒத்தவடிவப் பதிலீடு எனும் ஒரு வழிக்கு மட்டுமே வாய்ப்புண்டு என்பது அவர் கருத்து. மூத்தவர்கள் அவரைக் கடிந்துகொண்டாலும், பெருட்ஸ் பின்னர் அவ்வழியிலேயே சென்றார்.

ஒத்தவடிவப் பதிலீட்டில், படிகத்தின் அமைப்பு மாறாதபடி ஒரு கனமான அணு புகுத்தப்படுகிறது. புகுத்துமுன் ஒரு முறையும் புகுத்தியபின் ஒரு முறையும் செறிவுகள் அளக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கரிம, நைதரசன், ஆக்சிசன் அணுக்கள் உள்ள இடத்தில் ஓரிரு பாதரச அணுக்களால் என்ன மாற்றம் தெரியப் போகிறது என்பதே பலரின் ஐயம். பெருட்ஸ், ஈமோகுளோபினின் செறிவுகளைத் தனி அளவில் அளந்து பார்த்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மிகவும் வலுக்குறைந்தவையாக இருக்கக் கண்டார். இலேசான அணுக்கள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் அவற்றின் அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. பாதரசத்தின் 80 எலக்ட்ரான்களோ ஒரே இடத்தில் குவிந்து ஒரே கட்டத்தில் சிதறுகின்றன. ஆகவே அதன் தாக்கம் தெரிய வேண்டும்.

அவ்வேளையில், ஈமோகுளோபினின் கந்தகத் தொகுதிகளோடு பாதரசச் சேர்மம் இணைந்தாலும் அது ஆக்சிசனை ஏற்கும் என்று காட்டிய ஆய்வுரையை அமெரிக்கரான ஆஸ்டன் ரிக்ஸ் அவருக்கு அனுப்பினார். ஆக்சிசனை ஏற்கிறதெனில் வடிவம் குலையவில்லை என்று பொருள். 1953-இல் பெருட்ஸ் பாதரசம் சேர்த்த படிகத்தைப் படமெடுத்தார். புள்ளிகள் அதே இடங்களில் இருந்தன; அவற்றின் செறிவுகள் மாறியிருந்தன. தொடங்கி 16 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதல் கைப்பிடி இது. முழு அமைப்பு 5.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் 1959-இல்தான் தெரிந்தது. அதற்கு முன்பே, அவருடைய சக ஆய்வாளர் ஜான் கென்ட்ரூ, ஈமோகுளோபினின் கால்பங்கே உள்ள மையோகுளோபினை இதே முறையால் தீர்த்திருந்தார். இருவரும் 1962-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

முக்கோணமும் இரட்டை விடையும்

இம்முறையின் கணிதத்தைப் பள்ளி வடிவியலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். புரதத்தின் அலை, கன அணுவின் அலை, இரண்டும் சேர்ந்த அலை ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் பக்கங்கள். கன அணுக்கள் சிலவே ஆதலால் அவற்றின் இடங்களைப் பாட்டர்சன் வரைபடத்திலிருந்து கண்டறியலாம். எனவே அப்பக்கத்தின் நீளமும் திசையும் தெரியும். மற்ற இரு பக்கங்களின் நீளம் மட்டுமே தெரியும். கவராயத்தால் வில் வரைந்தால் அவை இரண்டு இடங்களில் வெட்டும். இரண்டில் எது உண்மையான கட்டம்? இதனை முடிவுசெய்ய வேறொரு கன அணுவைப் புகுத்திய இரண்டாவது படிகம் தேவைப்படும். நடைமுறையில் இதுவே பல ஆண்டுகளை விழுங்கியது. கன உலோகக் கரைசலில் நனைத்தவுடன் படிகம் வெடிக்கும், கரையும், அல்லது அதன் அலகறையின் அளவு சற்றே மாறி ஒப்பீட்டையே பயனற்றதாக்கிவிடும்.

இரட்டை விடையை நீக்க மற்றொரு வழியும் உண்டு. எக்ஸ்-கதிரின் ஆற்றல் ஓர் அணுவின் உட்கிளர்ச்சி ஆற்றலை நெருங்கும்போது அவ்வணு சிதறும் அலையில் சிறு கட்ட மாற்றம் நேர்கிறது. இதனை முரண் சிதறல் என்பர். இதனால், இயல்பாகச் சமமாக இருக்க வேண்டிய இணைப்புள்ளிகள் இரண்டும் சிறிதளவு வேறுபடுகின்றன. நெதர்லாந்தின் பைஃபூட் 1951-இல் இவ்விளைவைக் கொண்டு டார்ட்டாரேட்டு உப்பு ஒன்றின் உண்மையான இட-வல அமைப்பை நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் எஸ். இராமனும் 1956-இல் இதே விளைவிலிருந்து கட்டத்தைக் கணிக்கும் முறையை 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். இராமச்சந்திரன் கொலாஜன் அமைப்புக்காகவும் தம் பெயரால் வழங்கும் வரைபடத்துக்காகவுமே பெரிதும் அறியப்படுகிறார். இப்பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கொலாஜன் ஆய்வில் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்று, பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் 1967-இல் ரைபோநியூக்ளியேசின் அமைப்பைக் கண்டார்.

1990-க்குப் பின் முரண் சிதறலே புதிய புரதங்களுக்கான முதன்மை வழியாயிற்று. வேய்ன் ஹென்ட்ரிக்சன் குழுவினர், நுண்ணுயிரிகளை வளர்க்கும்போதே மெத்தியோனைனின் கந்தகத்துக்கு மாற்றாகச் செலினியத்தை ஏற்றும் முறையைப் புகுத்தினர். படிகத்தை நனைக்கும் சூதாட்டம் இதனால் பெரிதும் குறைந்தது.

நேரடி முறைகள்

சிறு மூலக்கூறுகளுக்குக் கன அணுவே தேவையில்லை. எலக்ட்ரான் அடர்த்தி எங்கும் எதிர்க்குறி பெறாது, அது தனித்தனி அணுக்களாகக் குவிந்துள்ளது ஆகிய இரு உண்மைகளே கட்டங்களுக்கிடையே நிகழ்தகவுத் தொடர்புகளை விதிக்கின்றன. இதனை வகுத்த ஹெர்பர்ட் ஹாப்ட்மன் ஒரு கணிதவியலாளர். ஜெரோம் கார்ல் இயல்வேதியியலாளர். படிகவியலாளர் பலர் நெடுங்காலம் இதனை நம்பவில்லை. இசபெல்லா கார்ல் 1960-களில் உண்மையான படிகங்களில் இதனைப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே முறை பரவியது. 1985-இன் நோபல் பரிசு முன்னிருவருக்கு மட்டுமே கிடைத்தது. இசபெல்லாவை விட்டுவிட்டது நியாயமன்று எனக் கருதுவோர் பலர்.

ரைபோசோம்

உயிரணுவில் புரதங்களை ஆக்கும் ரைபோசோம், நுண்ணுயிரிகளில் ஏறத்தாழ 25 இலட்சம் டால்ட்டன் நிறையுடையது. அடா யோனத் 1980-இல் அதன் துணையலகின் படிகங்களை முதன்முதலாகப் பெற்றார். பின்னர் அவற்றைக் கடுங்குளிரில் வைத்துக் கதிர்ச்சேதத்தைக் குறைத்தார். ஆயினும் கட்டங்கள் கிடைக்கவில்லை. இத்தனை பெரிய துகளில் தனியொரு பாதரச அணு கடலிற் கரைத்த பெருங்காயம் போல்தான். ஆகவே 18 டங்ஸ்டன் அணுக்கள் கொண்ட கொத்துகள் புகுத்தப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர், யோவாகிம் ஃபிராங்கின் மின்னணு நுண்ணோக்கிப் படிமத்தைத் தொடக்கமாகக் கொண்டு கன அணுக்களின் இடங்களை உறுதிசெய்து, 1998-இல் பெரிய துணையலகின் 9 ஆங்ஸ்ட்ராம் வரைபடத்தையும் 2000-இல் 2.4 ஆங்ஸ்ட்ராம் அமைப்பையும் வெளியிட்டனர்.

சிறிய துணையலகை அதே 2000-ஆம் ஆண்டில் தீர்த்தவர்களுள் ஒருவர் வெங்கி இராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்த இவர் ஓகையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் கற்றார். படிகவியலைக் கற்றது நாற்பது வயதை நெருங்கும்போது, கேம்பிரிட்ஜில் விடுப்பில் இருந்த காலத்தில். ஆஸ்மியம் சேர்மம் ஒன்று ரைபோசோமின் ஆர்.என்.ஏ. பள்ளங்களில் பல இடங்களில் ஒட்டிக்கொள்வதையும், அதன் வலுவான முரண் சிதறலையும் இவர் குழு பயன்படுத்திக்கொண்டது. யோனத், ஸ்டைட்ஸ், இராமகிருஷ்ணன் மூவரும் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

குறி மாறிய நிரல்கள்

கட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பலராலும் சுட்டப்படும் நிகழ்வு ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஜெஃப்ரி சாங் குழுவினர் 2001-இல் தொடங்கி, உயிரணுச் சவ்வின் வழியே பொருள்களைக் கடத்தும் புரதங்களின் அமைப்புகளை வெளியிட்டனர். உயிர்வேதியியல் சோதனைகள் சில அவற்றோடு ஒத்துப்போகவில்லை. 2006-இல் சுவிட்சர்லாந்தின் டாசன், லோக்கர் ஆகியோர் அதே குடும்பப் புரதம் ஒன்றை 3 ஆங்ஸ்ட்ராமில் தீர்த்தபோது முற்றிலும் வேறான வடிவம் கிடைத்தது. ஆராய்ந்ததில், சாங் குழுவினர் பயன்படுத்திய நிரல் ஒன்று முரண் சிதறலின் இணைப்புள்ளிகளுக்குரிய இரு பத்திகளை இடம் மாற்றியிருந்தது தெரியவந்தது. வேறுபாட்டின் குறி மாறியதால் வரைபடம் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டது. 4.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் புரதச் சுருள் வலமா இடமா எனத் தெளிவாகத் தெரியாததால் பிழை கண்ணில் படவில்லை. ஐந்து ஆய்வுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திருத்திய அமைப்பைச் சாங் குழுவே 2007-இல் வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தவறான அமைப்பை நம்பிச் சோதனைகளை வகுத்த பிறரின் உழைப்புக்கு ஈடு ஏதுமில்லை. 2008 முதல், புரதத் தரவு வங்கியில் அமைப்பைச் சேர்ப்போர் அளந்த வீச்சுகளையும் சேர்த்தே தர வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

கணினி மாதிரிகளின் காலம்

ஒத்த புரதம் ஒன்றின் அமைப்பு முன்பே தெரிந்திருந்தால், அதனைச் சுழற்றியும் நகர்த்தியும் புதிய படிகத்தில் பொருத்தித் தொடக்கக் கட்டங்களைப் பெறலாம். மூலக்கூறுப் பதிலீடு எனப்படும் இம்முறைக்கு ராஸ்மனும் புளோவும் 1962-இல் அடித்தளமிட்டனர். இதில் ஓர் ஆபத்து உண்டு: கட்டங்கள் மாதிரியிலிருந்து வருவதால், வரைபடமும் மாதிரியைப் போலவே தோன்றும். வாத்தைக் கொண்டு தொடங்கினால் வாத்தே தெரியும். இதனைக் கண்டறிய, 1992-இல் புருங்கர், அளவீடுகளில் ஒரு சிறு பகுதியைச் செம்மையாக்கத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்துச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்.

2021-இல் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் வெளியானபின், ஒத்த புரதம் இல்லாத இடத்திலும் கணித்த மாதிரியைக் கொண்டு தொடங்க முடிகிறது. ஆண்டுக்கணக்கில் தேங்கிக்கிடந்த தரவுகள் சில இவ்வாறு தீர்ந்தன. கடுங்குளிர் மின்னணு நுண்ணோக்கியிலோ வில்லைகள் உண்டு. ஆகவே அங்கு இச்சிக்கலே எழுவதில்லை. எனினும் சிறு மூலக்கூறு மருந்து ஒன்று புரதத்தின் எந்தப் பள்ளத்தில், எந்தக் கோணத்தில் அமர்கிறது என்பதை உயர்ந்த பிரிதிறனில் காண இன்றும் படிகங்களே பெரிதும் பயன்படுகின்றன. இந்தியாவில் இதற்கெனப் புரதப் படிகவியல் கதிர்த்தடம் ஒன்று இந்தூரிலுள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் உள்ளது.