16 வருட இடைவெளி... 65 வயதில் ரீ-என்ட்ரி! - ‘தி க்யூர்’ திரும்பி வந்த கதை

கலைந்த பரட்டைத்தலை, கண்களைச் சுற்றி அப்பிய மை, உதட்டைத் தாண்டிப் பூசிய சிவப்புச் சாயம், தலை முதல் கால் வரை கறுப்பு உடை. 20 வயதுப் பையன் இப்படி மேடையேறினால் ஆச்சர்யமில்லை. 65 வயதுக்காரர் ஏறினால்?

2024 நவம்பர் 1 அன்று லண்டனின் ‘ட்ராக்ஸி’ அரங்கில் அதுதான் நடந்தது. ஏறியவர் ராபர்ட் ஸ்மித். ‘தி க்யூர்’ இசைக்குழுவின் பாடகர், பாடலாசிரியர், கிட்டாரிஸ்ட். அன்றுதான் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு’ வெளியானது. 2008-க்குப் பிறகு அவர்கள் தந்த முதல் புது ஆல்பம்!

அதென்ன ‘கோத்’?

1970-களின் இறுதியில் பிரிட்டனில் பங்க் இசையின் ஆவேசம் அடங்கியபோது, அதிலிருந்து கிளைத்தது கோத் ராக். நிதானமான டிரம்ஸ், எதிரொலிக்கும் கிட்டார், தனிமையையும் மரணத்தையும் பேசும் வரிகள். கேட்பவர்களும் கறுப்பு உடைக்கு மாறினார்கள். லண்டனுக்குத் தெற்கே க்ராலி என்ற ஊரில், பள்ளி நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ‘தி க்யூர்’, 1981-ல் வெளியான ‘ஃபெய்த்’ போன்ற ஆல்பங்களால் இந்தப் பாணியின் அடையாளமானது. ஸ்மித் மட்டும், ‘எங்களை கோத் என்று சொல்லாதீர்கள்’ என்று இன்றுவரை மறுக்கிறார்!

அதிலும் நியாயம் உண்டு. 1992-ல் வந்த ‘ஃப்ரைடே ஐ’ம் இன் லவ்’ துள்ளலான காதல் பாட்டு. ‘லவ்சாங்’ பாடலோ, பள்ளியில் 14 வயதில் சந்தித்து, 1988-ல் கைப்பிடித்த மனைவி மேரிக்கு அவர் கொடுத்த கல்யாணப் பரிசு. அமெரிக்கத் தரவரிசையில் அது 2-ம் இடம் வரை போனது.

தள்ளிப்போன ஆல்பம்

இடையில் இவர்கள் மேடையை விட்டு விலகவில்லை. 2018-ல் லண்டன் ஹைட் பார்க்கில் 40-வது ஆண்டு விழா, 2019-ல் கிளாஸ்டன்பரி திருவிழா எனக் கூட்டம் அலைமோதியது. புதுப் பாட்டுதான் வரவில்லை. ‘இதோ வருகிறது’ என்று 2019-ல் சொன்னார் ஸ்மித். 2022-லும் சொன்னார். ரசிகர்கள் சலித்தே போனார்கள்.

அந்த வருடங்களில் அம்மா, அப்பா, அண்ணன் என மூவரையும் இழந்திருந்தார் அவர். சிறுவயதில் அவருக்கு கிட்டாரில் முதல் சில கார்டுகளைச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன் ரிச்சர்டுதான். அவருடைய மறைவைப் பற்றியதுதான் ‘ஐ கேன் நெவர் ஸே குட்பை’. 10 நிமிடம் ஓடும் கடைசிப் பாடலான ‘எண்ட்சாங்’, 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்த சமயம், 10 வயதுச் சிறுவனாக அப்பாவோடு நிலவைப் பார்த்து நின்ற நினைவிலிருந்து பிறந்தது. இளமையில் மரணத்தைக் கற்பனையாகப் பாடியவர், இப்போது வீட்டில் நடந்ததைப் பாடுகிறார். வித்தியாசம் குரலிலேயே தெரிகிறது.

மொத்தம் 8 பாடல்கள்தான். அவசரமே இல்லை. முதல் பாடலான ‘அலோன்’-ல் ஸ்மித் வாயைத் திறக்கவே 3 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ரீல்ஸ் காலத்தில் இது எடுபடுமா? எடுபட்டது! 1992-ன் ‘விஷ்’ ஆல்பத்துக்குப் பிறகு, பிரிட்டனில் மீண்டும் முதலிடம்.

ரசிகர் பக்கம் நின்றவர்

2023 அமெரிக்கப் பயணத்தின்போது, குறைந்த டிக்கெட் விலையை 20 டாலராக வைத்தது குழு. ஆனால், 80 டாலருக்கு 4 டிக்கெட் எடுத்த ஒருவரிடம் சேவைக் கட்டணமாக மட்டும் 90 டாலருக்கு மேல் வசூலிக்கப்பட்டது. கொதித்துப்போன ஸ்மித், சமூக வலைதளத்தில் வெளிப்படையாகவே பொங்கினார். விளைவு, டிக்கெட்டுக்கு 5 முதல் 10 டாலர் வரை ரசிகர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. தொகை சின்னதுதான். ஆனால், விற்பனை நிறுவனத்தை இறங்கிவர வைத்த கலைஞர்கள் எத்தனை பேர்?

அந்த நன்றி ட்ராக்ஸியில் தெரிந்தது. புது ஆல்பம் முழுவதையும் வாசித்துவிட்டு, பழைய பாடல்களுக்குப் போனார்கள். ஏறக்குறைய 3 மணி நேரம், 31 பாடல்கள். இடம் கிடைக்காதவர்கள் யூடியூபில் இலவசமாகவே பார்த்தார்கள்.

2029-ல் ஸ்மித்துக்கு 70 வயது. முதல் ஆல்பத்துக்கு 50 வயது. ‘அதுவரை தாக்குப்பிடித்தால், அதோடு நிறுத்திக்கொள்வேன்’ என்று சொல்லியிருக்கிறார். சொன்ன தேதியில் எதையும் முடித்துப் பழக்கமில்லாதவர் என்பதுதான் ரசிகர்களுக்கு இப்போதைய ஆறுதல்!