எல்லாத் தடுப்பூசியையும் ஒன்றாகக் கலக்கலாமா?

ஆடு வளர்க்கும் நம் ஜமாஅத் குடும்பத்தார் பலர் எங்களிடம் கேட்பது இது: "ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஆட்டைத் தனித்தனியே பிடிக்க வேண்டுமா? எல்லா மருந்தையும் கலந்து ஒரே ஊசியாகப் போட்டால் என்ன?" கேள்வி நியாயமானதே. குளம்பழுகல் நோயின் அனுபவம் இதற்கு விடை சொல்கிறது.

குளம்பிடுக்கில் புண் வைத்து ஆட்டை நொண்ட வைக்கும் இந்நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதில் பத்து வகைகள் உண்டு. ஒரு வகைக்கான ஊசி மற்றொரு வகையைத் தடுக்காது. எனவே பல வகைகளையும் சேர்த்து ஒரே மருந்தாகத் தயாரித்து ஆஸ்திரேலியாவில் போட்டார்கள். பாதுகாப்பு சுமார் 10 வாரமே நின்றது. ஒன்றிரண்டு வகை மட்டும் கொண்ட ஊசியின் பலன் அதைவிட நெடுநாள் நீடித்தது.

காரணம் என்ன? உடலின் எதிர்ப்புச் சக்திக்கு உதவும் அணுக்கள் அளவானவை. ஒன்றையொன்று ஒத்த பல கிருமிப் பொருட்கள் ஒரே சமயத்தில் வந்தால் அந்த உதவிக்காகப் போட்டியிடுகின்றன. ஓர் உஸ்தாத் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் கொடுப்பதும், ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துப் பாடம் கொடுப்பதும் ஒன்றாகுமா?

நேபாளத்தில் மந்தைகளில் எந்த வகைக் கிருமி உள்ளது என்று முதலில் கண்டறிந்து, அந்த இரண்டு வகைக்கு மட்டும் ஊசி போட்டார்கள். கடுமையான குளம்பழுகல் அம்மந்தைகளை விட்டு நீங்கியது. பல வகைகள் உள்ள ஆஸ்திரேலிய மந்தைகளில் முதலில் இரண்டு வகைக்கும், சுமார் 3 மாத இடைவெளிக்குப் பின் அடுத்த இரண்டுக்கும் போட்டுப் பலன் கண்டார்கள்.

இதனால் கூட்டுத் தடுப்பூசிகளே தவறு என்று எண்ண வேண்டாம். மாடுகளுக்கான கோமாரி ஊசியில் மூன்று வகைகளும், நம் நாட்டு நீலநாக்கு ஊசியில் ஐந்து வகைகளும் உள்ளன. அவை சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று சோதித்து, அளவு நிர்ணயித்த பிறகே வெளிவருகின்றன. நாமாகக் கலப்பதற்கு அந்தச் சோதனை கிடையாது. மேலும், ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. வேறு மருந்திலுள்ள பதப்பொருள் பட்டால் அது செயலிழந்துவிடலாம்.

ஆகவே இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் ஏற்றாதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். ஊசி போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் குறித்து வையுங்கள். ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தப் போய், ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் ஆட்டை இழப்பதுதான் பெரிய நஷ்டம்.