வரையாமல் விடும் கணக்கு

கணினியில் ஊர் வரைபடத்தைப் பெரிதாக்கி ஒரு தெருவை மட்டும் பார்க்கும்போதும் மற்றத் தெருக்களும் கட்டடங்களும் நினைவகத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றையும் வரைய முற்பட்டால் திரையில் எதுவும் கூடப்போவதில்லை, நேரம்தான் வீணாகும். படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதனால் எப்படி வரைவது என்பதற்கு முன்பே, வரையத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது.

நேர்கோடுகளுக்கு டேனி கோஹனும் ஐவன் சதர்லாந்தும் 1967-இல் கண்ட வழி இன்றும் வியப்பூட்டுகிறது. திரையின் நான்கு ஓரங்களையும் நீட்டினால் தளம் 9 பகுதிகளாகப் பிரியும். கோட்டின் ஒவ்வொரு முனைக்கும் 4 இலக்க இரும எண் ஒன்று உண்டு: திரைக்கு இடப்பக்கம் இருந்தால் 0001, வலப்பக்கம் 0010, கீழே 0100, மேலே 1000, உள்ளே இருந்தால் 0000. மூலைப் பகுதிகளில் இரண்டு 1 சேர்ந்து வரும். இரு முனைகளும் 0000 என்றால் கோடு முழுவதும் உள்ளே. இரண்டு எண்களிலும் ஒரே இடத்தில் 1 இருந்தால் முழுவதும் வெளியே. பெருக்கலோ வகுத்தலோ இல்லாமலே அதைத் தள்ளிவிடலாம்.

இரண்டிலும் சேராத கோடுகளும் உண்டு. 800-க்கு 600 அளவுள்ள திரையின் மேல் இடமூலையை (0, 0) என்று கொண்டு, கீழ்நோக்கி எண்ணுவோம். (-300, 100) என்ற முனை இடப்பக்கம், (100, -300) என்ற முனை மேலே. பொதுவான 1 இல்லை. இடது ஓரத்தில் கோட்டை வெட்டினால் புதிய முனை (0, -200). அதுவும் மேலேதான்! இப்போது இரண்டும் 1000, கோடு கழிந்தது.

வட்டம், எழுத்து, வளைகோடு போன்றவற்றைச் சுற்றி ஒரு செவ்வகம் கற்பனை செய்யப்படுகிறது. அது திரையைத் தொடாவிட்டால் உள்ளிருப்பதைப் பார்க்கவே வேண்டாம். ஆனால் தூரிகையின் தடிமனை மறந்துவிடக் கூடாது. (820, 300) மையமும் 15 ஆரமும் கொண்ட வட்டத்தின் இடது விளிம்பு 805; திரைக்கு வெளியே. கோட்டின் தடிமன் 12 என்றால் அது 6 அலகு இந்தப் பக்கம் நீண்டு 799-ஐத் தொடும், திரையில் தெரியும். நிழல், மங்கல் விளைவுகளுக்கும் இப்படியே இடம் சேர்க்க வேண்டும். செவ்வகம் சற்றுப் பெரிதாக இருந்தால் கொஞ்சம் வேலை வீண். சிறிதாக இருந்தால் படமே தவறு.

வடிவங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தச் சோதனையே சுமையாகிவிடும். அப்போது பரப்பை நான்காகவும், அவற்றை மீண்டும் நான்காகவும் பிரித்துக்கொண்டே போகும் நாற்கிளை மரம் உதவும். ஒரு கிளையின் பரப்பு முழுவதும் வெளியே என்றால் அதிலுள்ள அனைத்தும் ஒரே சோதனையில் விலகும். நகரும் வடிவங்களுக்கு மரத்தை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பதால், சில நூறு வடிவங்களே உள்ள படத்தில் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே மேல்.