ஆளுநரின் ஒப்புதலும் நீதிமன்றத்தின் எல்லையும்
சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம் என்கிறது அரசமைப்பின் 200ஆவது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று அது சொல்லவில்லை; சிக்கலின் வேர் அங்கேதான். தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் முடங்கிய வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்தது. அரசமைப்பின் 142ஆவது பிரிவின்படி அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் அறிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவு கிடப்பில் கிடக்கலாகாது என்ற கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால், அரசமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றமே எழுதலாமா? இது குறித்துக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு 14 கேள்விகள் அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் காலக்கெடுவை ஏற்கவில்லை. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதையும் ஏற்கவில்லை. காரணமின்றி நெடுங்காலம் இழுத்தடித்தால் மட்டும், ஏதேனும் ஒரு முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது.