உங்களுக்குத் தெரியுமா? ஸ்பீக்கருக்கு டிஷ்யூ பேப்பர்!

வெள்ளைக் கூம்புடைய யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர், 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்தது. அங்கே எடுபடவில்லை. ஸ்டுடியோவில் குரலையும் இசைக்கருவிகளையும் கலந்து பாட்டாக்கும் மிக்ஸிங் இன்ஜினியர்களோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ் குறைவு, குரலும் கிட்டாரும் ஒலிக்கும் நடு அலைவரிசை தூக்கல். அதனால் மிக்ஸில் உள்ள குறை பளிச்சென்று காதில் விழும். இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்பது ஸ்டுடியோ நம்பிக்கை.

ஒரே தொல்லை, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதைக் குத்தும். அமெரிக்க மிக்ஸிங் இன்ஜினியர் பாப் கிளியர்மவுன்டன் அதன் முன்னால் டிஷ்யூ பேப்பரை ஒட்டினார். மற்ற ஸ்டுடியோக்களும் ஒட்டின. பிறகு யமஹாவே ட்வீட்டரை மாற்றி, ஸ்டுடியோவுக்கென்றே தனி மாடல் கொண்டுவந்தது. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் உற்பத்தி நின்றது. பழைய ஜோடிகளுக்கு மவுசு மட்டும் குறையவில்லை.