மறுபக்கம் வந்து நின்ற கோள்

நம் சூரியனை 46 வயது ஆள் என்று வைத்துக்கொண்டால், பீட்டா பிக்டோரிஸ் என்னும் விண்மீன் மூன்று மாதம்கூட நிரம்பாத கைக்குழந்தை. சூரியனுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்; இதற்குச் சுமார் 2.3 கோடி. பூமியில் டைனோசர்கள் அழிந்து நான்கு கோடி ஆண்டுகள் கழித்துத்தான் இது பிறந்திருக்கிறது. நம்மிடமிருந்து 63 ஒளியாண்டு தூரம். விண்மீன்களின் கணக்கில் இது அடுத்த தெரு. இந்தக் குழந்தையைச் சுற்றி, வியாழனைப்போல் பத்து மடங்கு நிறைகொண்ட ஒரு கோள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நேராகப் படம்பிடித்தே கண்டுபிடித்தார்கள்.

பிற விண்மீன்களைச் சுற்றும் வெளிக்கோள்களில் பெரும்பாலானவற்றை யாரும் பார்த்ததில்லை. விண்மீனுக்குக் குறுக்கே கோள் போகும்போது ஒளி கொஞ்சம் மங்கும். அல்லது கோளின் இழுப்பில் விண்மீன் லேசாக ஆடும். அந்த மங்கலையும் ஆட்டத்தையும் அளந்து, “அங்கே ஒரு கோள் இருக்கிறது” என்று முடிவுக்கு வருகிறார்கள். கோளின் ஒளியையே தனியாகப் பிடிப்பது வேறு வேலை. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறது. அந்த விளக்கை ஒட்டி நடந்து வருபவர் கையில் பீடி புகைகிறது. அந்தக் கங்கைப் பார்க்க முடியுமா? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் வியாழனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பிரகாசமானது. வெளியிலிருந்து நம் சூரியக் குடும்பத்தைப் பார்ப்பவருக்கு வியாழன் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

இங்கேதான் இளமை உதவிக்கு வருகிறது. வாயுவும் தூசும் ஈர்ப்பினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து திரண்டுதான் பெருங்கோள் உருவாகிறது. விழுந்த வேகமெல்லாம் வெப்பமாக மாறி உள்ளே தங்கிவிடும். அது ஆறப் பல கோடி ஆண்டுகள் பிடிக்கும். உலையிலிருந்து எடுத்த இரும்பு போல, பீட்டா பிக்டோரிஸின் கோள் இன்னும் 1,400 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கிறது. நம் வியாழன்கூட முழுதாக ஆறிவிடவில்லை. சூரியனிடம் வாங்குவதைவிடக் கூடுதலான வெப்பத்தை இன்றும் வெளியே விடுகிறது. ஆக, இளங்கோளுக்குச் சொந்த ஒளி உண்டு. அது அகச்சிவப்பில் வருகிறது. அந்த ஒளியில் பார்த்தால், கோடிகளில் இருந்த இடைவெளி ஆயிரத்துச் சொச்ச மடங்காகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் எளிதல்ல, ஆனால் முயன்று பார்க்கலாம்.

முயலவேண்டிய விண்மீன் இதுதான் என்பதற்கும் தடயங்கள் இருந்தன. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அலசியபோது, பீட்டா பிக்டோரிஸிடமிருந்து எதிர்பார்த்ததைவிட மிகுதியான வெப்பக் கதிர் வந்தது. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்ட் ஸ்மித்தும் ரிச்சர்ட் டெரிலும் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் வானாய்வகத்தில், விண்மீனை ஒரு சிறு தடுப்பால் மறைத்துவிட்டுப் படமெடுத்தார்கள். வெயிலில் கையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு பார்ப்பது போன்ற ஏற்பாடு. இருபுறமும் நீண்ட ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. தூசுத் தட்டு ஒன்றை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. வேறொரு விண்மீனைச் சுற்றி இத்தகைய தட்டை மனிதர் படத்தில் கண்டது அதுவே முதல்முறை.

தொண்ணூறுகளில் ஹபிள் தொலைநோக்கி இன்னும் கூர்மையாகப் பார்த்தது. தட்டின் உட்பகுதி சற்றே சாய்ந்து வளைந்திருந்தது. சமமாகச் சுற்றவேண்டிய தூசை ஏதோ ஒன்று ஓயாமல் இழுக்கிறது என்றால், கனமான கோள் ஒன்று உள்ளே இருக்கவேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். கோளைப் பார்ப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் கைவரிசை தெரிந்துவிட்டது.

தேடியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸின் ஆன்-மாரி லக்ராஞ்ச். அவருடைய குழுவுக்குக் கைகொடுத்தது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், செர்ரோ பரனால் மலைமேல், 2,635 மீட்டர் உயரத்தில் நிற்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கி. அவ்வளவு பெரிய ஆடி இருந்தும், நம் காற்று விடாது. கொதிக்கும் தார்ச்சாலைக்கு மேலே தூரத்துக் காட்சி நெளிவதுபோல, காற்றுமண்டலம் விண்மீனின் உருவத்தைக் குலைத்துவிடும். இதற்கு மாற்றாக, வளைந்துகொடுக்கும் சிறு ஆடி ஒன்றை வைத்திருக்கிறார்கள். காற்று ஒளியை எப்படிக் குலைக்கிறது என்று கருவி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கும். அதற்கு நேர்மாறாக ஆடியின் முகம் வளையும். குலைந்தது நேராகிவிடும். தகவமைப்பு ஒளியியல் என்று இதற்குப் பெயர். வானியலில் கடந்த அரை நூற்றாண்டின் மிக அழகான கைவேலை இதுதான் என்பது என் எண்ணம்.

2003 நவம்பரில் எடுத்த படங்களில் அந்தக் கோள் இருந்தது. ஆனால் உடனே யாருக்கும் தெரியவில்லை. விண்மீனின் ஒளி சிதறிப் படமெங்கும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. அதே கருவியால் எடுத்த இன்னொரு விண்மீனின் படத்தை இதிலிருந்து கழித்தால், கருவி உண்டாக்கிய புள்ளிகள் போய்விடும். உண்மையில் வானில் இருப்பது மட்டும் தங்கும். இந்தக் கழித்தல் முறைகளைச் செம்மைப்படுத்திப் பழைய தரவைத் திரும்ப ஆராய்ந்தபோதுதான், விண்மீனுக்கு வடகிழக்கே, தட்டின் கோட்டிலேயே ஒரு புள்ளி நின்றது. 2008 நவம்பரில் அறிவித்தார்கள். விண்மீனுக்கும் புள்ளிக்கும் இடையே வெறும் 0.4 வினாடிக் கோணம். இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயத்தை 13 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அவ்வளவுதான் தெரியும்.

என்றாலும் ஒரு படம் சாட்சியாகாது. வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு விண்மீன் தற்செயலாக அந்த நேர்கோட்டில் வந்திருக்கலாம். 2009 தொடக்கத்தில் மீண்டும் பார்த்தார்கள். புள்ளி இல்லை! கோள் என்றால் நகர்ந்து விண்மீனின் ஒளிக்குள் மறைந்திருக்கலாம். பின்னணி விண்மீன் என்றாலும், பீட்டா பிக்டோரிஸே நகர்ந்து போய் அதை மறைத்திருக்கலாம். காணாமற்போனது இரண்டு கட்சிக்கும் சாட்சி சொன்னது. பேசாமல் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. அந்த ஆண்டின் இறுதியில் புள்ளி திரும்பி வந்தது, விண்மீனுக்குத் தென்மேற்கே, எதிர்ப்பக்கத்தில். எதிர்ப்பக்கம் போய் நிற்பது சுற்றிவரும் பொருளுக்கே இயலும். 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் அது கோள்தான் என்று உறுதியாக எழுதினார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சில மாதக் காத்திருப்பு. முதல் படத்தையே முழு வெற்றி என்று முரசறைந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

அதன்பிறகு தெரிந்தவை வேகமாகக் குவிந்தன. கோள் ஏறத்தாழ சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 23, 24 ஆண்டுகள். 2014இல் நெதர்லாந்துக் குழுவொன்று கோளின் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடின் நிறமாலைக் கோடுகளை அளந்தது. கோள் தன்னைத்தானே சுழலும்போது ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகும். அதனால் கோடுகள் அகலும். அந்த அகலத்திலிருந்து கிடைத்த வேகம் நொடிக்கு 25 கிலோமீட்டர். பூமியின் நடுக்கோட்டில் அது அரை கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே ஒரு நாள் என்பது நம் எட்டு மணி நேரம். ஆற ஆறக் கோள் சுருங்கும். சுருங்கச் சுருங்க இன்னும் வேகமாகச் சுழலும்.

2019இல் இன்னொரு செய்தியும் வந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த 6,000க்கு மேற்பட்ட நிறமாலைகளை லக்ராஞ்ச் குழு ஆராய்ந்து, விண்மீனுக்கு இன்னும் அருகில் இரண்டாவது பெருங்கோள் இருப்பதைக் கண்டது. அடுத்த ஆண்டு பரனாலின் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியையும் ஒன்றுசேர்த்து அதையும் நேராகப் பார்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி மாத இரவில், ஒன்பது மணிவாக்கில், விளக்கொளி இல்லாத இடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று நிற்பது அகத்திய விண்மீன். அதற்கு வலப்பக்கம், நீட்டிய கையின் மூன்று நான்கு விரல் அகலத்தில், மங்கலான விண்மீன் ஒன்று இருக்கும். பீட்டா பிக்டோரிஸ் அதுதான். வெறும் கண்ணுக்கே தெரியும்.