டிராக்டர் ஸ்டியரிங் ஆடுதா? பார்ட்ஸ் வாங்கும் முன் கொஞ்சம் பாருங்க!



நம்ம சேலம், நாமக்கல் பக்கம் குழுவாகச் சேர்ந்து டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுவது இப்போது புதிய விஷயம் இல்லை. 2014-15ல் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் வந்த பிறகு வாடகை மையங்களுக்கு மானியம் கிடைத்தது. 2017-18ல் தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் உழவர் குழுக்களுக்குக் குழுவுக்கு அஞ்சு லட்சம் இயந்திரம் வாங்கக் கொடுத்தார்கள். வங்கிக் கடன், மானியம், உறுப்பினர் சேமிப்பு எல்லாம் போட்டு வாங்கின வண்டி. ஆனால் அதை ஓட்டுவது ஆண், ரிப்பேர் பார்ப்பது ஆண், கடையில் பார்ட்ஸ் வாங்குவதும் ஆண். நம் பொருளாளர் செய்வது என்ன? பில்லைப் பார்த்துப் பணம் கொடுப்பது மட்டும்தான். பணம் போன பொருள் எப்படி இருந்தது என்று கேட்டால் பல குழுக்களில் பதில் இல்லை.

இன்ஜின் கோளாறு வந்தால் வண்டி நிற்கும், வாடகை போகும், அவ்வளவுதான். ஸ்டியரிங் அப்படி இல்லை. ஓடிக்கொண்டு இருக்கும்போதே கை விட்டுப் போகும். மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு, கோழிப்பண்ணையிலிருந்து எரு என்று பாரம் ஏற்றி தார் ரோட்டில் போகிற வண்டி அது. எதிரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அதனால்தான் இந்த மாதம் ஸ்டியரிங் பற்றி எழுதுகிறோம்.

டிரைவர் சக்கரத்தைத் திருப்பினால் அந்தத் திருப்பம் ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகிறது. அதிலிருந்து டிராப் ஆர்ம் என்கிற கை அசைகிறது. அது டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ளி, முன் சக்கரத்தைத் திருப்புகிறது. ஒரு சக்கரத்தோடு இன்னொன்றைச் சேர்த்துப் பிடிப்பது டை ராடு. இந்தக் கம்பிகளின் முனையில் எல்லாம் ஒரு பந்து மூட்டு இருக்கும். நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் உருண்டை. இதைத்தான் மெக்கானிக் ‘டை ராடு எண்டு’, ‘பால் ஜாயின்ட்’ என்று சொல்வார். மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும். நெல் வயலில் சேற்றுழவு ஓட்டும்போது அந்த உறை கிழிந்திருந்தால் சேறும் மணலும் உள்ளே போய் கிரீஸோடு கலந்து உருண்டையை அரைத்துவிடும். பிறகு ஆட்டம்தான்.

தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். சிக்கல் மாற்றும் இடத்தில்தான்.

கடையில் பொதுவாக மூன்று விதமாகக் கிடைக்கும். டிராக்டர் கம்பெனியே தன் பெயரில் விற்பது ஒன்று. டிராக்டர் கம்பெனிகளுக்கே ஸ்டியரிங் பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. சென்னையில் ராணே மெட்ராஸ் போன்றவை பல வருடமாக இதைச் செய்கின்றன. மூன்றாவது, பெயரும் இல்லாத ஊரும் இல்லாத சரக்கு, அல்லது பெரிய கம்பெனி பெயரையே ஒட்டி வருகிற டூப்ளிகேட். கம்பெனி பெட்டி இல்லை என்றாலே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ரெண்டாவது வகை நல்ல பொருள், விலையும் சற்றுக் குறையும். மூன்றாவதைத்தான் ஸ்டியரிங் பக்கமே விடக்கூடாது. சீட்டு கவருக்கும் லைட்டு கண்ணாடிக்கும் வேண்டுமானால் சிக்கனம் பாருங்கள்.

ராசிபுரம் பக்கம் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். டை ராடு எண்டு போய்விட்டது. கடையில் பாதி விலைக்கு ஒன்று கொடுத்தார்கள். மாட்டும்போது சரியாக உட்காரவில்லை. “ரெண்டு வாஷர் போட்டு டைட் பண்ணிட்டேங்க, ஒண்ணும் ஆகாது” என்று மாட்டிவிட்டார்கள். ஒரு போகம் உழவு முடிவதற்குள் மறுபடி ஆட்டம். இந்த முறை நல்ல பொருளே வாங்கினார்கள். அதுவும் உட்காரவில்லை! ஏன்?

அந்தப் பந்து மூட்டின் தண்டு நேராக இருக்காது. கேரட் மாதிரி மேலே தடித்து கீழே மெலிந்து இருக்கும். ‘டேப்பர்’ என்பார்கள். சக்கரத்தின் ஸ்டியரிங் கையில் உள்ள ஓட்டையும் அதே சரிவில் கடைந்திருக்கும். ரெண்டு சரிவும் ஒன்றானால் முழு நீளத்துக்கும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நட்டு அதைப் பிடித்து இழுத்து வைக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடிப்புதான். சரிவு கொஞ்சம் மாறினாலும் ஒரு வளையம் அளவுக்கு மட்டும் தொடும். மற்ற இடம் சும்மா. ஓட ஓட அந்தத் தண்டு ஓட்டைக்குள் ஆடி ஆடி, ஓட்டையையே முட்டை மாதிரி ஆக்கிவிடும். அப்புறம் ஒரிஜினல் போட்டாலும் நிற்காது. அந்தக் குழுவில் சின்ன பார்ட்ஸோடு போக வேண்டியது, ஸ்டியரிங் கையையே மாற்றும் அளவுக்குப் போய்விட்டது. வாடகை நின்றது தனி.

மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் வண்டி நாளைக்கே வயலில் நிற்க வேண்டும் என்று நாம்தானே அவசரப்படுத்துகிறோம்!

பொருந்தவில்லை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். நட்டின் தலையில் கோட்டை மதில் மாதிரி பள்ளங்கள் இருக்கும். தண்டில் ஒரு சிறு ஓட்டை. நட்டை முழுசாக இறுக்கியதும் பள்ளமும் ஓட்டையும் நேராக வர வேண்டும். அதில் ஸ்பிளிட் பின் மாட்டுவார்கள். தண்டு ரொம்ப மெலிசாக இருந்தால் உள்ளே இறங்கிப் போய், ஓட்டை நட்டுக்கு மேலே போய்விடும். அப்போதுதான் வாஷர் வைப்பார்கள். தடிப்பாக இருந்தால் ஓட்டை நட்டுக்குள்ளேயே மறைந்துவிடும்; பின் மாட்டாமலே விட்டுவிடுவார்கள். வாஷர் வைத்தாலும், தகரம் சுற்றி அடித்தாலும், பின் இல்லாவிட்டாலும், அந்தப் பொருளைக் கழற்றித் திருப்பிக் கொடுங்கள். வெல்டு வைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால் மெக்கானிக்கிடம் கேட்டு, தண்டின் மேல் சாக்பீஸால் நீளவாக்கில் கோடு போட்டு, ஓட்டையில் விட்டு லேசாகத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். கோடு மேலிருந்து கீழ் வரை அழிந்திருந்தால் பொருந்துகிறது. ஒரு இடத்தில் மட்டும் அழிந்திருந்தால் இல்லை.

கடைக்குப் போகும்போது பழைய பார்ட்ஸைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரே மாடல் டிராக்டரிலேயே வருடத்துக்கு வருடம் முன் ஆக்ஸில் மாறியிருக்கும். ‘அந்த மாடல்தானே’ என்று வாயால் சொல்லி வாங்குவது சரிவராது. வண்டியின் சேசிஸ் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். டை ராடில் ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை என்று இருக்கும் வண்டிகள் உண்டு. மாற்றி வாங்கினால் அலைச்சல்தான். எடுத்துப் பார்க்கும்போது அச்சில் ஊற்றிய வார்ப்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தால் யோசியுங்கள். அடித்துச் செய்த இரும்பு அதிக பாரம் வந்தால் வளையும், நமக்குத் தெரியும். வார்ப்பு சொல்லாமல் ஒடியும்.

கிங் பின் புஷ் மாற்றினால் அளவுக்கு ரீமர் போட வேண்டும். அரத்தால் தேய்த்து ஏற்றுவது கூடாது. நம்ம பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்ன?

வீட்டிலேயே மாதம் ஒருமுறை பார்க்க ரெண்டு பேர் போதும். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்கட்டும். கம்பி அசைந்தும் சக்கரம் அசையாத இடம் எதுவோ அங்கேதான் தேய்மானம். பவர் ஸ்டியரிங் வண்டியில் இன்ஜினை மெதுவாக ஓட விட்டுப் பார்க்க வேண்டும், கையைச் சக்கரத்துக்கு நடுவே விடாதீர்கள். பவர் ஸ்டியரிங்கில் லேசாகத் திரும்புவதால் ஆட்டம் டிரைவருக்கே தெரியாது, கவனம். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலும் டை ராடு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பார்ட்ஸ் மாற்றினால் சக்கர நேரும் சரிபார்க்க வேண்டும். முதல் சில நாள் ஓட்டிய பிறகு நட்டை மறுபடி பார்க்கணும்.

ஆட்டம் உள்ள வண்டியை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். நல்ல வண்டியாக இருந்தாலும் டிரெய்லரில் ஆள் ஏற்ற அனுமதி கிடையாது, நடவு ஆட்களாக இருந்தாலும் சரி.

பில் விஷயம். ஜி.எஸ்.டி. எண், பார்ட் நம்பர், கம்பெனி பெயர் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸைக் குழுவிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கலாம். போலிப் பெயரில் பொருள் விற்பது 1999 வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்கிறவர் வாங்கிய பொருளுக்கும் 2019 சட்டம் பொருந்தும். ரெண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், அஞ்சு லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பில்லும் பொருளும் பெட்டியும் வேண்டும். பெட்டியை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள்.